அமெரிக்கக் காசுப் பெட்டி

என் வாயால் சித்தப்பாவின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் மூன்றாம் வகுப்புதான்; வாய் மட்டும் காலேஜ் முடித்திருந்தது.

அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்குப் பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் வேலை. பம்பு வார்ப்பதற்கான அச்சுகளை மரத்தில் செய்து கொடுப்பார். ஒருமுறை அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம் ஆடாமலிருக்கச் சுற்றி அடைத்திருந்த காகிதங்களில், அந்த நாடு முதன்முதலில் அடித்த தங்கக் காசுகளின் வண்ணப்படங்கள் இருந்தனவாம். மற்றவர்கள் அவற்றில் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார்கள். சித்தப்பா ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பித்து அன்று பிடித்தது. பிறகு அந்த ஊர்க் காசு வியாபாரிகளுக்குக் கடிதம் போட்டு, படம் போட்ட விலைப்பட்டியல்களை வரவழைத்தார். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்தில் அடித்த காசில் தொப்பி வைத்த பெண் முகம், மறுபக்கம் கழுகு என்று அவர் சொன்னால், அந்தப் பெண்ணிடம் நேரில் பேசிவிட்டு வந்தவர் போலிருக்கும்.

பீரோவில் அவரே செய்த தேக்குப் பெட்டி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டுக் கை கழுவி, கதவைச் சாத்திவிட்டுத்தான் அதைத் திறப்பார். இத்தனை மரியாதை தங்கத்துக்கன்றி வேறெதற்கு நடக்கும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

முப்பத்திரண்டு வயதாகியும் அவருக்குப் பெண் அமையவில்லை. தோட்டம் கிடையாது, சொந்தப் பட்டறையும் கிடையாது. கடைசியில் அன்னூரில் ஓர் இடம் குதிர்ந்தது. பெண் பார்த்தாயிற்று, பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா பேச்சுக் கொடுக்கிற மாதிரி என்னிடம், சித்தப்பா உனக்கு என்னவெல்லாம் வாங்கித் தருவார் என்று கேட்டார்.

"எங்க சித்தப்பா ஒரு பொட்டி நெறைய அமெரிக்காத் தங்கக் காசு வெச்சிருக்காருங்க" என்றேன்.

அதைப் பார்க்கலாமா என்றார் அவர். அப்பாவுக்குச் சமாளிப்பதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாம் பேங்க் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்றார். அவர்களும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அதோடு காரியம் முடிந்திருக்கும். ஆனால் சித்தப்பா எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு பெட்டியோடு வந்தார்.

"லாக்கரெல்லாம் இல்லீங்க மாமா. அண்ணன் எனக்காவச் சொல்றாருங்க."

பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் வரிசையாக வட்டக் குழிகள். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைப் பெயின்டில் வருஷம். காசு ஒன்றுகூட இல்லை. இது முப்பத்து மூன்று மில்லிமீட்டர், இது இருபத்தைந்து என்று சித்தப்பா வந்த விஷயத்தையே மறந்து சந்தோஷமாக விளக்கிக்கொண்டிருந்தார். காசு எப்போது வரும் என்று கேட்டதற்கு, விலை இப்போதைக்கு எட்டாது, இடம் மட்டும் செய்து வைத்திருக்கிறேன் என்றார்.

"போயிச் சொல்லியனுப்பறமுங்க" என்று எழுந்தார் பெண்ணின் அப்பா. எங்கள் பக்கம் மாட்டேன் என்பதற்கும் ஒரு 'ங்க' உண்டு.

அம்மா கிள்ளியதில் என் தொடை மூன்று நாள் கன்றியிருந்தது. சித்தப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தச் சம்பந்தம் கூடிவந்தால் மொட்டை போட்டுக்கொள்வதாகக் காரமடை ரங்கநாதருக்கு யாருக்கும் தெரியாமல் நேர்ந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள், நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லி அன்னூரிலிருந்து ஆள் வந்தது. நடந்தது பிறகுதான் தெரிந்தது. பெண்ணின் அப்பா வீட்டில் போய், லாக்கர் இல்லையென்று மாப்பிள்ளையே காலிப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டிய கூத்தைச் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். பெண் மட்டும் சிரிக்காமல், அந்தக் குழிகளில் சும்மாவாவது வேறு காசு எதையாவது போட்டு வைத்திருந்தாரா என்று கேட்டாராம். அதெல்லாம் இல்லை, அத்தனையும் காலி என்றிருக்கிறார் அவருடைய அப்பா.

"அப்ப எனக்குச் சம்மதமுங்கப்பா."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பொய்யைச் சொன்னவள் நான்; உண்மையையும் நானே சொல்லிவிட வேண்டும். கல்யாணத்தன்று மொட்டைத் தலையோடு மணமேடைக்குப் பின்னால் போய்ச் சித்தியின் காதில், "அந்தப் பொட்டில நெசமாலுமே ஒண்ணுமில்லீங்க சித்தி" என்றேன்.

சித்தி என் தலையைத் தடவினார். "தெரியுங் கண்ணு. அந்தப் பொட்டிய நம்பித்தான் வாரேன்."

பாவம், விவரம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். பந்தியில் என் இலைக்கு வந்த லட்டைத் தின்னாமல் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.