யார் வீட்டுப் புகை

தங்கச்சிக்கு இழுப்பு வந்துவிட்டால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் படிக்காமலேயே டாக்டர்கள் முளைப்பார்கள். பனிதான் காரணம் என்பார் அப்பா. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அத்தை கண்ணூறு என்பார். பள்ளிக்கூடத்தோடு எனக்கு அப்போதே ஒத்துவராது. ஆகவே ஹோம்வேர்க்தான் காரணம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தங்கச்சிக்கு வயது மூன்று என்பதால் அது எடுபடவில்லை.

மலைநாட்டில் பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே பனிக்குப் பஞ்சமில்லை, அதனால் அப்பா ஜன்னலை ஆணி அடித்தே மூடி வைத்திருந்தார். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் தங்கச்சிக்கு மூச்சு விசிலடிக்க ஆரம்பித்ததும், தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இன்னொரு தடவ இப்புடி இழுத்துச்சுன்னா இங்க வச்சுப் பாக்க ஏலாது. டவுன் ஆஸ்பத்திரி வார்டுதான்," என்றார் டாக்டரய்யா. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "சீக்கு ஒடம்புக்குள்ளயே மொளைக்கிறதில்லம்மா. புள்ளையச் சுத்தி என்னென்ன இருக்குன்னு பாருங்க. படுக்குற எடம், குடிக்கிற தண்ணி, மூச்சு வாங்குற காத்து, எல்லாம் சேந்ததுதான் ஒடம்பு. முக்கியமா வீட்டுக்குள்ள பொக ஆகவே ஆகாது."

அம்மாவின் தம்பியான மாமாவுக்குக் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. தீபாவளி லீவுக்கு வந்திருந்தார். எந்த விஷயத்துக்கும் கொழும்பு விளக்கம் ஒன்று வைத்திருப்பார்.

"மச்சான், புள்ளையச் சுத்தி யாரு இருக்கா? பக்கத்துக் காம்பராதானே? அப்ப அது அவங்க வீட்டுப் பொக!"

அப்பாவுக்கு நெஞ்சு லேசானது. குற்றம் நம்முடையதில்லை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

மாமா சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. லயம் முழுதுக்கும் ஒரே கூரை. காம்பராக்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாமலே நின்றுவிடும். மேலே உள்ள அந்த இடைவெளி வழியாகப் புகை, கருவாட்டு வாசம், புருஷன் பெண்சாதி சண்டை எல்லாம் தடையில்லாமல் போய்வரும். அடுத்த வீட்டில் என்ன கறி என்று எங்கள் லயத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

மாமா மேசை மேல் ஏறி, வெறும் உரச்சாக்குகளை அந்த இடைவெளியில் வைத்து ஆணி அடித்தார். ஆணியைப் பிடித்துக்கொடுத்தது நான். பாதி அடி என் விரலில்தான் விழுந்தது.

"டேய் கொழும்புத் தொர, அங்க என்னாடா தட்டுற?" சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் குரல்.

"ஒங்க பொகைய அடைக்கிறேன் அக்கா. புள்ளைக்கு ஆகாதாம்."

"எங்க பொகையா? ஒன் அக்கா மூட்டுற மிலாறுல எங்க வீட்டுக் கோழியே தும்முதுடா!"

மிலாறு என்பது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் கழிக்கும்போது கிடைக்கும் குச்சி. ஈரமாக இருந்தால் எரியாது, புகைய மட்டும் செய்யும். கோழி சொன்னது சரிதான். ஆனால் ரோஷம் வந்த அத்தை, தன் பங்குக்கு அந்தப் பக்கமும் சாக்கு அடித்தார். அதைப் பார்த்து அடுத்த காம்பராவும் அடித்தது. சாயங்காலத்துக்குள் லயமே தச்சுப்பட்டறை ஆகிவிட்டது.

பொழுது சாய்ந்ததும் மழை. அப்பா பனிக்குப் பயந்து கதவைச் சாத்தினார். அம்மா ஈர மிலாறை அடுப்பில் வைத்து ஊதினார். புகை வழக்கம்போல் மேலே போய், இடைவெளியைத் தேடி, சாக்கில் முட்டி, எங்களிடமே திரும்பி வந்தது.

"மாமா, அத்த வீட்டுப் பொக இன்னும் வருது," என்றேன்.

"அது நேத்து வந்ததுடா. மிச்சம்," என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தங்கச்சியின் மூச்சு விசிலடித்தது. நெஞ்சு குழி விழுந்து குழி விழுந்து எழும்பியது. அம்மா பிள்ளையை வாரி எடுத்துக் கதவை உதைத்துத் திறந்து, வாசல் தாழ்வாரத்துக்கு ஓடினார்.

"ஏ, பனிடி! பனி!" அப்பா பின்னால் அலறினார்.

வெளியே பனி சுவர்போல் நின்றது. பிள்ளை போய்விடும் என்றே நானும் அழுதேன். ஆனால் விசில் மெல்ல மெல்லக் குறைந்தது. தங்கச்சி ஒரு தடவை நீளமாக மூச்சு விட்டு, பிஸ்கட் கேட்டாள். வருஷக்கணக்காகத் திட்டிய ஆளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாதவர் மாதிரி, அப்பா பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் அத்தையும் தன் வீட்டுப் புகையில் கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்துவிட்டார், கக்கத்தில் கோழியோடு.

"என்னாடா தொர, இப்ப இது யாரு வீட்டுப் பொக?"

மாமா மறுபடியும் மேசை மேல் ஏறினார், இந்தத் தடவை ஆணியைப் பிடுங்க.

சாக்குகள் இறங்கின. அடுப்பு எரியும்போது பிள்ளை வெளியேதான் இருக்க வேண்டும் என்று அப்பா சட்டம் போட்டார். மறுநாளே எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டோம். அப்பா மடியில் தங்கச்சி, பக்கத்தில் மாமா, அத்தை, கோழி, நான். சீக்கு எங்கிருந்து வருகிறது என்று அப்பா அத்தைக்கு டாக்டரய்யா மாதிரியே விளக்கினார். எல்லாரும் தப்பித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

"அம்மா, தேத்தண்ணி எங்க?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் இருமல் கேட்டது. இருமல் கேட்டால் பின்னாலேயே தேத்தண்ணி வரும். அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான்.