காருக்கு நெய்த பட்டு

அந்தத் துணி ஒரு முழம்கூட இருக்காது. சாயம் ஏற்றாத பட்டு. கரை கிடையாது, ஜரிகை கிடையாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கொசுவலைபோல மறுபக்கம் தெரியும். அதை எண்ணெயில் லேசாக நனைத்து, உருளை வடிவக் கம்பிக்கூட்டின் மேல் சுற்றி, இரு முனைகளிலும் இறுகக் கட்டியிருந்தார் அத்திம்பேர். முதல்முறையாக அதை என் கையில் கொடுத்துவிட்டு, சன்னிதியில் திரை விலகக் காத்திருப்பவரைப்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரின் எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றிலிருந்து தூசியை நிறுத்தும் ஏர் ஃபில்டர் அது. உலகத்தில் வேறெங்கும் அதை யாரும் பட்டில் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் கோயிலில் பிரபந்தம் சேவித்தவர்கள். இவருக்கு அந்தக் குரல் வாய்க்கவில்லை, ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் வாய்த்தது. நான் அப்போது சென்னையில் ஒரு நாளிதழில், வாரம் ஒருமுறை வரும் வாகனப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி. பெட்ரோல் விலை ஏற ஏற, மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லும் சாமான்களும் கடைக்கு வந்துகொண்டே இருந்தன. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, பிறகு வெளிநாட்டுப் படம் போட்ட பெட்டியில் சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டர். இழுவை கூடும், பெட்ரோல் குறையும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். அவற்றை வாங்கி மாட்டி ஓட்டிப் பார்த்து எழுதுவது என் வேலை. பெரும்பாலும் ‘பயனில்லை’ என்ற சொல்லில்தான் என் கட்டுரைகள் முடியும். அத்திம்பேர் ஒன்று விடாமல் படிப்பார்.

சென்னையில் கார் சாமான் விற்கும் ஜி.பி. ரோட்டில் அந்தச் சிவப்புக் கூம்பை நான் வாங்கி வந்தபோது அத்திம்பேரே அதைக் கேலி செய்தார். எஞ்சினுக்கு எவ்வளவு காற்று போகவேண்டும் என்பதை ஃபில்டரா முடிவு செய்கிறது, ஓட்டுகிறவன் கால்தானே, என்றார். ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்தால் உள்ளே கதவு பாதிதான் திறக்கும். கதவு பாதி மூடியிருக்கும்போது வாசலை அகலமாக்கி என்ன லாபம் என்று, வகுப்பில் சொல்வதைப்போல எனக்கு விளக்கினார். அதைவிடத் தெளிவாக நான்கூட என் பக்கத்தில் எழுதியதில்லை. ஆனால் கூம்பைப் பிரித்துப் பார்த்தவர், உள்ளே இருந்தது எண்ணெய் தடவிய பருத்தித் துணி என்பதைக் கண்டார். அங்கேதான் அவர் மனம் சிக்கியது. பருத்தி இழையில் பிசிறு உண்டு. பட்டு இழை நீளமானது, வழுக்கலானது. காற்று தடையில்லாமல் போகும், தூசி மட்டும் நிற்கும். காஞ்சிபுரத்தில் பிறந்தவருக்கு அந்த யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிள்ளையார்பாளையத்தில் அவரிடம் படித்த பையன் ஒருவனின் அப்பா தறி வைத்திருந்தார். நெருக்கம் குறைத்து, வலை மாதிரி ஒரு துண்டு நெய்து தரும்படி அத்திம்பேர் அவரிடம் கேட்டபோது நானும் உடன் இருந்தேன். எதற்கு என்று தெரிந்ததும் அவர் தறியை நிறுத்திவிட்டார்.

“பொண்ணுக்குப் பொடவ கேட்டு வருவாங்க, மாப்ளைக்கு வேட்டி கேட்டு வருவாங்க. காரு மூக்குல கட்டறதுக்குப் பட்டு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான் சாமி. மொகூர்த்தம் எப்ப?”

அத்திம்பேரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவருக்கு அது விளையாட்டாக இல்லை. மாட்டி ஓட்டியதில் மைலேஜ் கணிசமாகக் கூடியிருக்கிறது என்றார். பள்ளியை விட்டுவிட்டு இதையே செய்து விற்கப்போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டிருந்தார். அக்கா எதிர்க்கவில்லை, தம்பி ஓட்டிப் பார்த்துச் சரியென்று சொல்லட்டும், அப்புறம் விடுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள். அவரும் ஒப்புக்கொண்டார். ஐம்பது வயதை நெருங்கும் ஒருவரின் மிச்ச வாழ்க்கை என் சொல்லில் வந்து நின்றது அப்படித்தான்.

ஆனி மாதம் போனேன். காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே தாமல் ஏரி வரை போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம். பங்க்கில் டேங்கின் கழுத்தில் பெட்ரோல் தெரியும்வரை நிரப்பி, காரைப் பிடித்து ஆட்டி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறியதும் மறுபடி நிரப்பவேண்டும். ஓடி முடித்ததும் அதே பங்க்கில் அதே கழுத்துவரை நிரப்பினால் செலவானது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அத்திம்பேர் ஓட்டினார், நான் பக்கத்தில். எடை மாறக்கூடாது என்பதால் எல்லாச் சுற்றிலும் அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தாள். அரிசி மூட்டைக்குப் பதில் நான், என்று பங்க்காரனிடம் சொல்லிச் சிரித்தாள். முதலில் பட்டு, பிறகு காரோடு வந்த பழைய கறுப்புத் தகர டப்பா ஃபில்டர். பட்டோடு ஓடியபோது நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது. அழுத்தினால் ‘ஹோ’ என்று எஞ்சின் காற்றை இழுக்கும் சத்தம் காருக்குள் நிறைந்தது. கார் பாய்வதைப்போல இருந்தது. பெட்ரோலும் குறைவாகவே செலவானது. அக்கா என் தோளைத் தட்டினாள்.

ஆனால் நான் சாலையைப் பார்க்கவில்லை, அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டு மாட்டியிருந்தபோது, எதிரே பஸ் வருவதைத் தூரத்திலேயே கண்டு காலை எடுத்து, காரை அதன் போக்கில் ஓடவிட்டார். தகர டப்பாவோடு ஓடியபோது கடைசி நிமிடம்வரை அழுத்திவிட்டு பிரேக் பிடித்தார். அவருக்கு அது தெரியவே தெரியாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எது மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் ஓட்டுங்கள் என்றேன். மெக்கானிக் ஒருவர் அவர் கண்ணில் படாமல் மாற்றி மாற்றி மாட்டி, பானெட்டை மூடினார். சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அத்திம்பேர் தாமாகவே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

“உற்சவத்துல வேட்டு போடறச்சே வெச்சுக்கறாப்பல வெச்சுண்டிருக்கார் பார்,” என்றாள் அக்கா. அவருக்கு அதுவும் கேட்கவில்லை.

அந்தச் சுற்றுகளில் பட்டுக்கும் தகரத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பங்க்கிலேயே சொல்லிவிட்டேன். என் பக்கத்தில் எழுதும் வாக்கியத்தைப்போலவே சுருக்கமாக வந்தது.

“மாறினது வண்டி இல்லை அத்திம்பேர், உங்க கால்தான்.”

பஞ்சைக் காதிலிருந்து எடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், மதியத்துக்கு மேல் மேல்காற்று பலமாக இருந்ததே, அதைக் கணக்கில் சேர்த்தாயா என்று மட்டும் கேட்டார். சேர்த்திருந்தேன். போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளும், இரண்டும் கழிந்துவிடும் என்றேன். இரண்டும் சமமாகக் கழியாது என்றார். அதுவும் உண்மைதான்.

அவர் பள்ளியை விடவில்லை. அக்கா பெருமூச்சு விட்டாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் அவர் ஓட்டுவதை நிறுத்தவில்லை. விடிந்ததும் காற்று எழும்புவதற்கு முன்னால் தாமல்வரை போய்வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல், அந்த வாரம் லிட்டருக்கு என்ன கொடுத்தது என்பதைச் சொல்வார். புது நெசவு, வேறு எண்ணெய், குழாயின் வளைவில் ஒரு மாற்றம். என் காலைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன் என்பார் ஒவ்வொரு முறையும். பட்டுக் கடைகளுக்கு வரும் கார்கள் வரிசையாக நிற்கும் தெருவில், அவர் காரின் சத்தம் மட்டும் தனியாகத் தெரியும் என்பாள் அக்கா. சாப்பிட உட்கார்ந்தால் கையில் பெட்ரோல் வாசனை போகாது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தச் சாலையை நாலு வழியாக்கினார்கள். புளியமரங்கள் போயின. மரம் போனதும் காற்றே மாறிவிட்டது, இதுவரை எடுத்த எண்கள் எதுவும் உதவாது, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை. அதுதான் எனக்கு என்னவோபோல இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு காலையில் அவர் திரும்பி வரவில்லை. தாமல் ஏரிக்கரையில் கார் ஒதுங்கி நின்றது. ஸ்டியரிங்கின் மேல் கை இருக்க, தலை சாய்ந்திருந்தது. மாரடைப்பு என்றார் மருத்துவர். ஏரியில் வலை போட வந்திருந்த ஒருவர்தான் முதலில் பார்த்தவர். அவர் என்னிடம் சொன்னதை இன்றும் அப்படியே கேட்கிறேன்.

“வண்டி உறுமிக்கினே இருந்திச்சிபா. பெரியவரு கண்ண மூடிக்கினு அந்தச் சத்தத்த கேக்கறாருன்னு நெனச்சிக்கினேன். சூடேறி அதுவா நின்னப்பறம்தான் கிட்ட போயி பாத்தேன்.”

காரியமெல்லாம் முடிந்து நான் ஊருக்குக் கிளம்ப இருந்த நாளில் அக்கா கேட்டாள். “கடைசியா என்னடா குடுத்தது?”

புரிந்தது. இறப்பதற்கு முந்தைய நாள் மாலை அவர் டேங்கைக் கழுத்துவரை நிரப்பியிருந்தார்; ஓடிய தூரம் மீட்டரில் இருந்தது. ஆனால் நின்ற இடத்திலேயே எவ்வளவு நேரம் எரிந்தது என்று யாருக்கும் தெரியாது. கணக்குப் போட முடியாது அக்கா, என்றேன். அவள் விடவில்லை. அந்த வாரம் ஏதோ புதிதாக மாற்றியிருந்தார், இந்தமுறை அம்பிகூட ஒப்புக்கொள்வான் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். கார் அப்படியே இருந்தது. பட்டு அப்படியே இருந்தது.

“நீ ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடேன்.”

அவள் பின் இருக்கையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பெட்ரோல் நிரப்பி, காரை ஆட்டி, மறுபடி நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். முறைப்படி எல்லாம் செய்தேன். சாலை நடுவிலிருந்த இடைவெளியில் எருமைகள் கடக்கக் காத்திருப்பதை வெகு தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்தேன். எந்த லாரியையும் முந்தவில்லை. என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது இரண்டாம் சுற்றில் எனக்குத் தெரிந்துபோயிற்று. திருத்திக்கொள்ள நினைத்து ஒருமுறை வேண்டுமென்றே அழுத்தினேன். பட்டு ‘ஹோ’ என்று இழுத்தது. கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. யாரோ கூப்பிட்டதைப்போல நிமிர்ந்து முன்னால் பார்த்தாள். நான் காலை எடுத்துவிட்டேன். அதன் பிறகு அழுத்தவே இல்லை.

பங்க்கில் நிரப்பிப் பார்த்தபோது, தகர டப்பா எப்போதும் கொடுத்ததைவிட நல்ல வித்தியாசம். வந்த எண்ணைச் சொன்னேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

“அப்போ காரை வித்துடுடா. இனிமே யாரும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.”

வாங்கியவன் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவன். பட்டு ஃபில்டரைக் கழற்றிப்போட்டுவிட்டுத்தான் எடுத்துப் போயிருப்பான்.

நான் வாகனப் பக்கத்தை விட்டும் நாளிதழை விட்டும் வந்து வெகுநாளாயிற்று. அக்காவுக்கு வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். வீட்டுக்கு யாராவது வந்து பேச்சு அத்திம்பேரைப் பற்றித் திரும்பினால், அவர் கண்டுபிடித்ததைச் சொல்வாள். நம்பாமல் சிரித்தால் என்னைக் கைகாட்டுவாள். “இவன்தான் ஓட்டிப் பார்த்தான். பேப்பர்ல எல்லாத்தையும் இல்லை இல்லைன்னே எழுதினவன். சும்மா சொல்லமாட்டான்.”

வந்தவர்கள் என் பக்கம் திரும்பி, என்ன கொடுத்தது என்று கேட்பார்கள். அந்த எண்ணைச் சொல்வேன். எண் சரியானதுதான்.