அந்தோனியார் கையில் இருந்த பிள்ளை

எங்கள் வீட்டில் ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஓர் அர்ச்சியசிஷ்டவர் இருந்தார். கண் சிவந்தால் லூசியம்மாள். அம்மை பரவுகிறது என்று கேள்விப்பட்டால் செபஸ்தியார். அப்பா வண்டி கட்டிக் கொழும்புக்குப் புறப்பட்டால், குதிரையில் இருக்கிறவர் என்பதால், சந்தியாகப்பர். கோழி அடைகாக்க மறுத்தபோது அம்மா யாரை மன்றாடினாள் என்று நினைவில்லை. ஆனால் ஒன்பது நாளும் விடாமல் மன்றாடினாள். பத்தாம் நாள் கோழியைக் குழம்பு வைத்துவிட்டாள். நவநாள் என்பது எங்களுக்குக் கஷாயம் மாதிரி. ஒன்பது வேளை ஒழுங்காக உள்ளே போனால் கேட்டுவிடும்.

அத்தனை பேரிலும் சுரூபமாக எங்கள் வீட்டில் இருந்தவர் அந்தோனியார் ஒருவர்தான். ஒரு சாண் உயரம், மரத்தில் செய்தது. இடது கையில் ஒரு புத்தகம், அதன் மேல் சேசு பாலன் உட்கார்ந்திருப்பார். பாலன் தனி உருவம். என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அடியில் ஒரு சின்ன முளை, அதைப் புத்தகத்தில் உள்ள துளையில் செருகி வைத்திருக்கும். அப்பாவும் அம்மாவும் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்து மன்னாரிலிருந்து கண்டிச் சீமைக்குக் கால்நடையாக நடந்தபோது, துணி மூட்டைக்குள் சுற்றி அவரைச் சுமந்து வந்தார்கள். எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளை அந்த ரோட்டோரத்திலேயே காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள் அம்மா. அந்தோனியார் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தார். இதை அம்மா ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

நாங்கள் இருந்தது கட்டுகஸ்தோட்டையில், ஆற்றுக்குப் பாலம் வருவதற்கு முன்பு. தோணித் துறைக்கு மேலே ஒரு பெரிய கோப்பி ஸ்டோர். சிங்கள ஊர்களிலிருந்து தோளில் சுமந்து கொண்டுவரும் கோப்பியை அங்கே காயப்போட்டு, பொறுக்கி, சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அம்மா அங்கே கொட்டை பொறுக்கினாள். அப்பா அந்த ஸ்டோருக்கு மாட்டுவண்டி ஓட்டினார். ஸ்டோருக்குப் பின்னால் இருந்த அறைகளில் ஒன்று எங்களுக்கு. பக்கத்து அறையில் கொழும்புக்கார அக்கா ஒருத்தி, கோணி தைப்பவள். கை பெரிய ஊசியை இழுத்துக்கொண்டே இருக்கும், வாய் ஊர்க்கதையை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு ஏழு வயதாகியிருந்த அந்த மார்கழியில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. எட்டு மாதப் பிள்ளை. வைத்தியர் கொடுத்த கஷாயத்தைத் துப்பினான். பிறகு பாலையும் துப்பினான். அம்மா ஸ்டோருக்குப் போவதை நிறுத்திவிட்டு அந்தோனியாருக்கு நவநாள் தொடங்கினாள். காய்ச்சலுக்கு அவரா என்று அக்கா கேட்டதற்கு, “பிள்ளை தூக்குன கையி. அவருக்குத் தெரியாதா?” என்றாள்.

ஐந்தாம் நாள் ஆயிற்று. தம்பி அழுவதையும் நிறுத்திவிட்டான். அழாத பிள்ளையைப் பார்த்துத்தான் அம்மா முதன்முதலாக அழுதாள். அக்கா கோணி ஊசியைத் தலைமுடியில் செருகிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

“கெஞ்சிக்கிட்டே இருந்தா அவரு கேட்டுக்கிட்டே இருப்பாரு தங்கச்சி. எங்க கொழும்புல என்ன செய்வோம் தெரியுமா? அவரு கையில இருக்கிற பிள்ளைய எடுத்து ஒளிச்சு வச்சிருவோம். நான் கேட்டது கெடைக்கட்டும், உம்ம பிள்ளைய அப்புறம் தாறேன்னு சொல்லிருவோம். ஓடி ஓடி வேலை பாப்பாரு.”

 கோவிலில் சுவாமி எங்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும்போது சொல்லிக்கொடுத்த பாவங்களில் இது இல்லை. இது அதையெல்லாம் விடப் பெரியதாக இருந்தது. அம்மா செய்யமாட்டாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய், இரண்டு விரலால் பாலனைப் பிடித்து இழுத்தாள். முளை லேசில் வரவில்லை. திருகி எடுத்தாள். மரம் கிரீச்சென்ற அந்தச் சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

தன் சேலையில் ஒரு துண்டு கிழித்துப் பாலனைச் சுற்றி என் கையில் வைத்தாள்.

“நீயே கொண்டுபோய் ஒளிச்சு வை. எங்கேன்னு என்கிட்டயும் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா மனசு எளகி எடுத்துக் குடுத்திருவேன்.”

எங்கே ஒளிப்பது? அந்தோனியார் சாதாரண ஆளா? தொலைந்த மாட்டையும் தொலைந்த மூக்குத்தியையும் கண்டுபிடித்துக் கொடுப்பவர். அரிசிப் பானை, கூரை இடுக்கு, விறகுக் கட்டு எல்லாம் அவருக்கு ஒரு நொடி வேலை. அவர் எவ்வளவு தேடினாலும் ஒன்றைப் போல ஒன்று இருக்கிற இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஸ்டோருக்கு ஓடினேன். சுவரோரம் கடைசி வரிசையில், கறுப்பும் உடைசலுமாகக் கழித்த கோப்பி கட்டிய சாக்குகள் இருந்தன. அவை இப்போதைக்குப் போகாது, மூவிராசாக்கள் திருநாள் கழிந்துதான் போகும் என்று பெண்கள் பேசியதைக் கேட்டிருந்தேன். மூலைச் சாக்கின் வாய் இன்னும் தைக்கப்படவில்லை. முழங்கை வரை கையை விட்டுப் பாலனைக் கொட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். பாலனுக்கு மூச்சு முட்டக்கூடாதே என்று சாக்கின் வாயைக் கொஞ்சம் திறந்தபடியே விட்டு வந்தேன்.

அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தால் அந்தோனியார் என் பின்னாலேயே வந்து கண்டுபிடித்துவிடுவார். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஏழாம் நாள் காலையில் அப்பாவுக்கு வண்டி கட்டச் சொல்லி ஆள் வந்தது. பிள்ளை கிடக்கிற கிடையில் போகமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது. போனால்தான் வேலை. புறப்படும் முன் செபம் சொல்ல வந்தவர் சுரூபத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்.

“ஏ புள்ள, பாலனைக் காணோமே?”

“நான்தான் எடுத்தேன்.”

“சாமியவேவா பிணை புடிச்சே?”

“அவருக்கும் தெரியட்டுங்க,” என்றாள் அம்மா. “கையில பிள்ளை இல்லாட்டி எப்படி இருக்கும்னு.”

 அப்பா அந்தோனியாரின் காலைத் தொட்டு, “மனசுல வச்சுக்காதீங்க. அவ பெத்தவ,” என்றார், ஸ்டோர் துரையிடம் சொல்வதைப் போல. தம்பியின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். வண்டி மேட்டில் ஏறும்வரை நான் ரோட்டில் நின்று கையாட்டினேன். பாரம் நிறைய ஏற்றியிருந்தார்கள். மாடுகள் மூச்சிரைத்தன.

ஒன்பதாம் நாள் மத்தியானம், அம்மா செபத்தை முடித்து ஆமென் சொல்லுமுன், தம்பி முனகினான். அம்மா சும்மா ஒரு நம்பிக்கையில் அவனை நெஞ்சோடு அணைத்தாள். அவன் பற்றிக்கொண்டான். குடித்தான். விக்கல் எடுக்கிற அளவுக்குக் குடித்தான். அம்மாவின் ரவிக்கை முழுதும் வியர்வை, அவனுடையதும் அவளுடையதும். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “ஓடு, ஓடு! பாலனை எடுத்துட்டு வா. அந்த மனுசன் ஒன்பது நாளா வேலை பாத்திருக்காரு!” என்றாள். அவர் வேலை பார்த்தது நாலு நாள்தான் என்று திருத்த நினைத்தேன். நேரமில்லை. ஓடினேன்.

சுவரோரம் வெறும் தரை தெரிந்தது.

சாக்குகள் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகத் தூசி படியாத தரை. ஒரு மூலையில் நாலைந்து கறுப்புக் கொட்டைகள். நான் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன், பாலன் அவற்றுக்கு அடியில் இருப்பதுபோல.

அக்கா கோணி நூலைக் கடித்து அறுத்துக்கொண்டே, “அங்க என்னடி பொறுக்கிறே? அதெல்லாம் முந்தாநாளே போயாச்சு. வண்டிக்குப் பாரம் காணலன்னு கழிவையும் ஏத்திட்டாங்க. உங்க அப்பா வண்டியிலதான்,” என்றாள். பிறகு, “மூலையில ஒரு சாக்கு வாயப் பொளந்துக்கிட்டு நின்னிச்சு. நான்தான் தச்சேன்,” என்றாள்.

 பாலனை உள்ளே வைத்தவள் நான். வாயைத் தைத்தது, ஒளிக்கச் சொன்ன அக்கா. சுமந்துகொண்டு போனது, மன்னிப்புக் கேட்ட அப்பா. எங்கள் மூன்று பேருக்கும் தெரியாமல் எங்கள் மூன்று பேர் கையாலேயே பாலன் போய்விட்டார்.

வீட்டு வாசலில் வந்து நின்றேன்.  அம்மா என் வெறுங்கையைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்று, அப்படியே காய்ந்தது.

“எங்கடி?”

“கோப்பிச் சாக்குல வச்சேன். அப்பா கொண்டுபோயிட்டாரு.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா தம்பியின் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தாள். அன்றிலிருந்து அவனைத் தரையில் விடவே இல்லை. சேலையால் உடம்போடு கட்டிக்கொண்டுதான் கொட்டை பொறுக்கினாள், தண்ணீர் எடுத்தாள், பூசைக்கு நடந்தாள். அக்கா ஆறுதல் சொல்ல வந்து, “மரக்கட்டைதானே தங்கச்சி,” என்றாள். “மரக்கட்டைன்னா அப்ப ஏன் ஒளிக்கச் சொன்னீங்க?” என்றாள் அம்மா.  எதற்கும் பதில் வைத்திருக்கிற அக்கா, ஊசியைத் தலைமுடியில் செருகிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அப்பா மூன்று வாரம் கழித்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். போகும்போது கடுகண்ணாவைக் கணவாயில் எல்லாருடைய வண்டியும் சேற்றில் புதைந்ததாம், அவருடையது மட்டும் சிக்காமல் போனதாம். “யாரோ தள்ளிவிடுற மாதிரி இருந்திச்சு புள்ள,” என்றார். அடுத்த நடையில் கொழும்பில் விசாரித்தார். அந்தக் கோப்பி எப்போதோ கப்பல் ஏறிவிட்டிருந்தது. வரும்போது, கோப்பிக் கட்டையில் ஒரு தச்சனிடம் செய்து வாங்கிய புதுப் பாலனைக் கொண்டுவந்தார். முளை அளவு சரியாக இருந்தது. முகம்கூட முன்னதைவிட அழகு.

அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். “ஒருத்தர் பிள்ளையத் தொலைச்சிட்டு, வேற பிள்ளைய வச்சுக்கன்னு சொல்றதா? எனக்கு யாராச்சும் அப்படிச் சொன்னா நான் கேப்பேனா?”

ஆனி மாதம் அந்தோனியார் திருநாள் வந்தது. எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. நோயில் பிழைத்த பிள்ளையை அவர் பீடத்தின் கீழே கிடத்தி, “இது உம்முடைய பிள்ளை” என்று அடிமை வைப்பார்கள். உடனே கோழியோ மெழுகுவர்த்தியோ காணிக்கை கொடுத்துப் பிள்ளையை மீட்டுத் தூக்கிக்கொள்வார்கள். ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட ஆகாது. தாய்மார் வரிசையாக நின்று, சிரித்துப் பேசிக்கொண்டே கிடத்துவார்கள், தூக்குவார்கள். அப்பா ஒரு வெள்ளைச் சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களோடு வந்தார். ஆற்றோரமாகக் கண்டி டவுன் வரை நடந்தோம். சேவல் வழியெல்லாம் கத்தியது. தம்பி அதைப் பார்த்துக் கைகொட்டினான்.

எங்கள் முறை வந்தது. அம்மா சேலைக் கட்டை அவிழ்த்துத் தம்பியைக் கீழே விட்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவை. “இது உம்முடைய பிள்ளை,” என்றாள். அப்பா சேவலை நீட்டினார். பீடத்தருகே நின்ற உபதேசியார் வாங்கக் கை நீட்டினார். அம்மா அப்பாவின் கையைத் தள்ளினாள்.

“மீட்கல.”

“என்ன அம்மா?” என்றார் உபதேசியார்.

“அவரு பிள்ளைய நான் தொலைச்சிட்டேன். இவன் அவருக்குத்தான். மீட்கல.”

 அப்பா சேவலை விட்டுவிட்டார். அது பீடத்தின் மேல் ஏறிற்று. யாரும் விரட்டவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். தம்பி அதுவரை அம்மா மடியில்தான் நின்று பழகியிருந்தான். எழுந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எங்கள் பின்னால் நாலு எட்டு வைத்தான். “ம்மா” என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை.

பின்னால் ஓடிவந்த வெள்ளைக்காரச் சுவாமிதான் வாசலில் எங்களை மறித்தார். தம்பி அவர் தோளில் இருந்தான். தமக்குத் தெரிந்த தமிழில், “அம்மா, அந்தோனியார் ஏற்றுக்கொண்டார். இப்போது வளர்க்கும்படி உன்னிடம் தருகிறார். பெரியவன் ஆகும்போது திரும்ப வாங்குவார்,” என்றார். அம்மா முழந்தாளிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள்.

சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தையாக இருக்கலாம். அம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் அவள் “என் மகன்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, வந்து சில வருஷமே ஆன ரயிலில், சுவாமியாவதற்குப் படிக்கக் கொழும்புக்கு ஏற்றிவிட்டாள். அவன் போக விரும்பினானா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவன் சுவாமியாக வடக்கே எங்கோ பூசை வைக்கிறான். ரயிலடியிலிருந்து திரும்பி வந்த அன்று மத்தியானம் அம்மா பெட்டியைத் திறந்து, அந்தக் கோப்பிக்கட்டைப் பாலனை எடுத்து, அந்தோனியாரின் கையில் செருகினாள். இன்று அந்தச் சுரூபம் என் வீட்டில் இருக்கிறது. கோப்பி போய்த் தேயிலை வந்த பிறகும் நவநாள் நின்றதில்லை. என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் நானும் ஒன்பது நாள் சொல்லியிருக்கிறேன். பாலனை மட்டும் தொட்டதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கோவிலுக்குள் நடந்த அந்த நடையைப் பற்றி. பீடத்திலிருந்து வாசல் வரை அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து தோலில் குத்திற்று. வலி தாங்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எதிரே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக எனக்கு விழாமல் இருந்த அடி இதுதான் போலிருக்கிறது, இத்தோடு கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் தம்பியின் அழுகை கேட்க, நான் நிம்மதியாக அம்மாவோடு நடந்தேன்.