கிளட்ச் மாற்றிய சீனப் பெருநாள்

எட்டு வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அப்பா சொல்வதை அம்மாவிடமும், அம்மா சொல்வதை அப்பாவிடமும் கொண்டு சேர்க்கும் வேலை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், பெரும்பாலும் ஒரே அறையில். மலேசியாவில் பாலோ என்ற சிற்றூரில், எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்தாலே முழங்கால் இடிக்கும். ஆனாலும் அப்பா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா என்னைப் பார்த்து, "அப்பாகிட்ட கேளு, ரசம் வேணுமான்னு" என்பார். நான் அப்பா பக்கம் திரும்பிக் கேட்பேன். வேண்டாம் என்று அப்பா என்னிடம் சொல்வார். நான் மறுபடி அம்மா பக்கம் திரும்புவேன்.

மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியோடு அம்மா குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இப்படித்தான். சண்டை எதுவும் நடந்ததாக நினைவில்லை. யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அந்த வேலை என் கையைவிட்டுப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. பள்ளியில் என் தோழிகளுக்கெல்லாம் வீட்டில் சட்டி பானை கழுவும் வேலை. எனக்கு மட்டும்தான் இப்படி ஒரு பதவி. சேதியை அப்படியே ஒப்பிக்கவும் மாட்டேன். "அரிசி தீந்துபோச்சுன்னு சொல்லு" என்று அம்மா வெறுப்பாகச் சொன்னால், அப்பாவிடம் போய், "அரிசி தீந்துபோச்சாம்பா, நீங்க வேலையெல்லாம் முடிச்சிட்டு மெதுவா வாங்கிட்டு வந்தா போதுமாம்" என்பேன். அப்பா என்னைத் தூக்கிக்கொள்வார். அந்தக் கொஞ்சல் எனக்கா அந்தச் சேதிக்கா என்று நான் யோசித்ததில்லை.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்கு வருவார். வேனுக்கு என்னைவிட வயது அதிகம். சீனப் பெருநாள் விடுமுறைக்கு முந்தின மத்தியானம், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரும் வழியில், செம்பனைத் தோட்டத்து மேட்டில் அது நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் கத்தியது. சக்கரம் நகரவில்லை. ஏதோ தீய்ந்த வாடை. அப்பா வேனைப் பின்னாலேயே உருளவிட்டு, தெரிந்தவர் லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கிளட்ச் போய்விட்டது. பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே கடையைப் பூட்டிவிட்டுப் பெருநாளுக்கு மனைவி ஊருக்குப் போயிருந்தார். குளுவாங்கிலும் எந்தப் பட்டறையும் திறந்திருக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வேன் வராவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. வழி உள்ளவர்களோ, ஊருக்குள் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த குளுகுளு ஏர்கோன் வேனுக்கு மாறிவிடுவார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. "ஏன் சாப்பிடலன்னு கேளு" என்றார் அம்மா. கேட்டேன். அப்பா எழுந்து வேனைப் பார்க்கப் போனார். அதையும் போய்ச் சொன்னேன்.

அப்பா ஃபோனில் சொன்னதைக் கேட்டு, மறுநாள் காலை ரயிலில் கூலாயிலிருந்து சித்தப்பா வந்து இறங்கினார். அப்பாவின் தம்பி. லாரி பட்டறையில் வேலை. எங்கிருந்தோ தேடிப் பிடித்த புது கிளட்ச் செட் ஒன்று அவர் தோள்பையில் இருந்தது. வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டும் இருந்தது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறார். அப்பா கட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கை போனா என்னண்ணே, வாய் நல்லாத்தான இருக்கு. நான் சொல்றேன், நீங்க செய்ங்க" என்றார் சித்தப்பா.

அப்பா அதுவரை டயர் மாற்றியிருக்கிறார், எண்ணெய் மாற்றியிருக்கிறார். கியர்பாக்ஸை இறக்கியது கிடையாது. அது ஓர் ஆளால் ஆகிற காரியமும் இல்லை. பக்கத்து வீடுகளில் எல்லாரும் வெளியூர் போயிருந்தார்கள். சித்தப்பா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணி, நீங்க வாங்க."

அம்மா கதவோரம் நின்று யோசித்தார். பிறகு உள்ளே போய், அப்பாவின் பழைய காற்பந்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்தார். வேனை முட்டுக்கொடுத்துத் தூக்கி, அடியில் அட்டைப்பெட்டிகளை விரித்திருந்தார்கள். அப்பா ஒரு பக்கமாக நுழைந்தார், அம்மா மறுபக்கமாக நுழைந்தார். முக்காலியில் உட்கார்ந்த சித்தப்பா குனிந்து குனிந்து சொல்லிக்கொடுத்தார்.

தொடக்கத்தில் எனக்கு அமோகமான வேலை. "பாப்பா, அந்தப் பக்கத்து போல்ட்ட கழட்டச் சொல்லு அம்மாவ" என்று வேனுக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வரும். நான் சுற்றிக்கொண்டு ஓடி, மண்டியிட்டு, அம்மாவின் காதுக்கு நேராகச் சொல்வேன். "சுத்த மாட்டேங்குதுன்னு சொல்லு" என்பார் அம்மா. திரும்பி ஓடுவேன். அந்த ஓட்டத்தில் மூச்சு வாங்கியது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

பெரிய போல்ட்டுகள் எல்லாம் கழன்றன. ஜாக்கியின் மேல் உட்கார வேண்டிய கியர்பாக்ஸ் திடீரென்று ஒரு பக்கமாகச் சரிந்தது.

"புடி, புடி!" என்று அப்பா அலறினார்.

'அம்மா, அப்பா புடிக்கச் சொல்றாரு' என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள், "புடிச்சிட்டேன்! நீங்க கைய எடுங்க மொதல்ல!" என்று அம்மா கத்தினார்.

கியர்பாக்ஸ் மெதுவாக இறங்கியது. சித்தப்பா என்னைப் பார்த்தார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. அப்படியொன்றும் பெரிய பேச்சு இல்லை. "இன்னும் கொஞ்சம் தூக்கு." "இந்தப் பக்கமா?" "இல்ல, உன் பக்கம்." இதைத்தான் பேசினார்கள். ஆனால் என் வழியாகப் பேசவில்லை. நான் வேனைச் சுற்றி வந்தேன். ஒரு பக்கம் அப்பாவின் கால், மறுபக்கம் அம்மாவின் கால். தலைகள் இரண்டும் நான் நுழைய முடியாத இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கடைசியில் குனிந்து, "அப்பா, டீ வேணுமான்னு அம்மா கேக்கறாங்க" என்றேன்.

"அவ எங்க கேட்டா? இங்கதான படுத்திருக்கா" என்றார் அப்பா. வேனுக்கு அடியில் சிரிப்புச் சத்தம். இரண்டு பேருடைய சிரிப்பும்.

பழைய கிளட்ச் பிளேட் கரியாகி வெளியே வந்தது. அம்மாவின் கன்னத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. அப்பா தன் சட்டைத் தோளால் அதைத் துடைத்துவிட்டார். நான் தரையில் சிந்தியிருந்த கிரீஸைத் தொட்டு என் கன்னத்தில் தடவிக்கொண்டு அப்பா எதிரில் போய் நின்றேன். "போயி சோப்பு போட்டுக் கழுவு பாப்பா" என்று சொன்னவர் சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுதெல்லாம் புது பிளேட்டைப் பொருத்தி, கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றுவதில் போனது. அதன் நுனித் தண்டு பிளேட்டின் நடுவில் உள்ள துளைக்குள் சரியாகப் போய் உட்கார வேண்டும். ஒருவர் தூக்க, ஒருவர் ஆட்ட, வியர்வையில் இருவருக்கும் கண் எரிந்தது. ஒரு வழியாக உட்கார்ந்தது. எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு அப்பா எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளினார். கரகரவென்று பல்லைக் கடிக்கும் சத்தம். கியர் விழவில்லை.

சித்தப்பா முகம் மாறியது. "அண்ணே, பிளேட்டுல மேடு ஒண்ணு இருக்குமே, அத எந்தப் பக்கம் பாக்க வச்சீங்க?"

அப்பா குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தார்.

"அலமாக், போச்சு! மாத்திப் போட்டாச்சா? நானும் பாக்காம விட்டுட்டேனேலா."

எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். எனக்கோ உள்ளூரக் குதூகலம். இப்போது சண்டை வரும், பேச்சு நிற்கும், என் வேலை எனக்குத் திரும்பி வரும்.

"நான்தான் போட்டேன்" என்றார் அப்பா.

"நானுந்தான புடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் அம்மா. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதலில் அடியில் நுழைந்தவரும் அவர்தான்.

பின்னாலேயே அப்பாவும் நுழைந்தார். ஆனால் ஸ்பேனர் சத்தம் வரவில்லை. பிறகு அப்பாவின் குரல், யாருக்கோ பயந்ததுபோலத் தணிந்து வந்தது.

"ஃபோன் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. புள்ளைங்க சத்தத்துல கேக்கல."

"தெரியும்."

"பக்கத்து வீட்டு மக்சிக் எத்தன தடவ ஃபோன் அடிச்சிருக்காங்க. கேக்கவே இல்ல."

"தெரியுங்க. எனக்குத் தெரியாதா?"

பிறகு யாரோ இருமுவது போன்ற சத்தம். இருமல்தான் என்று நினைத்தேன். அப்பாவின் ஃபோன் கூடத்து மேசையில் சார்ஜில் கிடந்தது, பாக்கெட்டில் இல்லை. அதைச் சொல்லித் திருத்தலாம் என்று நான் குனிந்தபோது, சித்தப்பா நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வா, ஐஸ்கிரீம் வாங்கலாம்."

"வேணாம்."

"எனக்கு வேணும், வா."

பக்கத்துத் தெருக் கடை இருக்க, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கடைவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் என் கையை விடவே இல்லை. முக்கியமான நேரத்தில் என்னை மட்டும் அப்புறப்படுத்துகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஐஸ்கிரீமை வேண்டுமென்றே உருகவிட்டேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கியர் வெண்ணெயாக விழுந்தது. சித்தப்பா ஒற்றைக் கையால் வேனின் முதுகில் தட்டினார். அவரை ஸ்டேஷனில் இறக்கிவிட்டோம். வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. வழக்கமாக நான் உட்காரும் முன்சீட்டில் அம்மா ஏறிக்கொண்டார். பிள்ளைகள் உட்காரும் பின்வரிசையில், இல்லாத கூட்டத்துக்கு நடுவே, நான் தனியாக உட்கார்ந்தேன்.

மேட்டில் வேன் சிரமமில்லாமல் ஏறியது. அதற்குமேல் திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். அப்பா திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார். செம்பனை மரங்களுக்கிடையே போகும் மண்பாதையில் இறங்கி, தோட்டத்து இடுகாட்டு ஓரத்தில் நிறுத்தினார்.

"பாப்பா, நீ வண்டியிலயே இரு."

இருவரும் இறங்கிப் போனார்கள். பெரிய சமாதிகளைத் தாண்டி, வேலியோரமாக ஒரு மூலையில் நின்றார்கள். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அம்மா உட்கார்ந்து தரையில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். அப்பாவும் பக்கத்தில் குந்திக்கொண்டு பிடுங்கினார்.

அந்த வருஷம் எனக்கு ஒரு தம்பி வரப்போகிறான் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், அவன் வரமாட்டான் என்றார்கள். மழையால் நின்றுபோன சுற்றுலாவைப்போல நான் அதை எடுத்துக்கொண்டேன். அப்பா அம்மாவை யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வராதவன் எங்கே இருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஓர் இடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் தனியாகப் பேசத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முன்சீட்டுக்குத் தாவி, அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, ஹாரனை அழுத்தினேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கையை உயர்த்தி, இதோ வருகிறோம் என்று காட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் இன்னும் பலமாக அழுத்தினேன்.