எது முன்பெட்டி?

தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறக் கதவுகள் வைத்த அந்தச் சுரங்க ரயிலுக்கு ஓய்வு கொடுத்தபோது, கடைசி ஓட்டம் பார்க்க ஒரு கூட்டம் கமராவோடு வந்து நின்றதாம். ஒருவர் அழுதாராம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பனிக்காலத்தில் நனைந்த காலுறை மணம், கோடையில் ஆளை அவிக்கிற புழுக்கம், நினைத்த இடத்தில் நின்று பெருமூச்சு விடுகிற குணம். இதற்கா கண்ணீர்? அந்த வகை ரயிலுக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாக உத்தியோகபூர்வப் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அது தோடம்பழக் கோச்சி. பெட்டிகள் பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. என் கல்யாணம் அந்தக் கோச்சியால் நடந்தது என்பதால், அதைத் திட்ட எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் உரிமை உண்டு.

அப்போது நான் இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிது. வோபர்ன் பகுதியில் என் பெரியம்மா வீட்டு பேஸ்மென்ட் அறையில் இருந்தேன். பெரியம்மா எனக்குப் பெண் தேடினார். வேட்டையாடினார் என்று சொன்னால் இன்னும் சரி. அகப்பட்டவர்களில் ஒருத்தி மட்டும், வீட்டுக்கு வந்து பெண் பார்க்கிற வேலையே வேண்டாம் என்றுவிட்டாள்.

"ரோல்ஸைத் திண்டிட்டு, யோசிச்சுச் சொல்லுறம் எண்டு போற ஆக்களை இனிக் கூப்பிடாதேங்கோ," என்று தன் தாயிடம் சொன்னாளாம்.

அவள் சனிக்கிழமை காலையில் கெனடி நிலையத்தில் ரயிலேறி, வேலைக்குக் கொக்ஸ்வெல்லில் இறங்குவாள். விருப்பமென்றால் அந்தப் பயணத்தில் வந்து கதைக்கட்டும், வராவிட்டால் பேச்சை அத்தோடு விடுங்கள் என்பது அவளுடைய நிபந்தனை. பெரியம்மா காட்டிய படத்தைப் பார்த்த அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கெனடி முதல் கொக்ஸ்வெல்வரை ஐந்து நிறுத்தம். எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

"முன்பெட்டி, தம்பி. மறந்திடாதை. பிள்ளை முன்பெட்டியிலதான் இருப்பாள்," என்று பெரியம்மா வாசல்வரை வந்து சொன்னார்.

நான் மறக்கவில்லை. ரயில் கெனடிக்கு வந்து நின்றதும் டிரைவர் இருந்த பெட்டியில் பாய்ந்து ஏறினேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். தேத்தண்ணி குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பெட்டியில் தமிழ்ப் பிள்ளை எவரும் இல்லை. கதவு மூடியது. ரயில் பின்னோக்கிப் போகத் தொடங்கியது.

எங்கள் ஊர்க் கோச்சிக்கு மூஞ்சி ஒன்றுதான். எஞ்சின் இருக்கிற பக்கம் முன். இந்த ரயிலுக்கோ இரண்டு முனையிலும் மூஞ்சி. கெனடி கடைசி நிலையம் என்பதால், வந்த வழியே திரும்பும்போது முன்பெட்டி பின்பெட்டியாகிவிடும். முன்வைத்த காலைப் பின்வைக்காதே என்பார்கள். இங்கே ரயிலே பின்வைத்துவிட்டது. அவள் மறுமுனையில் இருந்துகொண்டு, இவனும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

பெட்டிக்குப் பெட்டி ஒரு கதவு இருந்தது. அதால் போகக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. கல்யாணத்துக்காக நாடு கடத்தப்பட எனக்கு விருப்பமில்லை.

வார்டனில் கதவு திறந்ததும் இறங்கி ஓடினேன். இரண்டு பெட்டி தாண்டுவதற்குள் மணி அடித்தது, பாய்ந்து ஏறினேன். விக்டோரியா பார்க்கில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்ததால் ஒரு பெட்டிதான் முன்னேற முடிந்தது. மெயின் ஸ்ட்ரீட்டில் பனிச்சேற்றில் வழுக்கி விழுந்து, இறங்கிய கதவாலேயே திரும்ப ஏறினேன். வூட்பைனில் இறங்கியபோது, கடைசிப் பெட்டி ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த, கதவுகளை மூடுகிற கார்டின் பொறுமை போய்விட்டது. ஒலிபெருக்கி முழங்கியது.

"நீலக் கோட்டுப் போட்ட ஐயா, தயவுசெய்து ஏதாவது ஒரு பெட்டியைத் தெரிவுசெய்யுங்கள்."

அவர் ஆங்கிலத்தில் அதை மிக மரியாதையாகவே சொன்னார். ரயில் முழுக்கச் சிரித்தது. நான் முழங்கால் எல்லாம் சேறாக முன்பெட்டிக்குள் விழுந்தேன். முன் கண்ணாடிக்குப் பக்கத்து இருக்கையில் அவள் இருந்தாள். படத்தில் இருந்ததைவிட முறைப்பாக இருந்தாள்.

"நீலக் கோட்டு நீங்கள்தானோ?"

"ஓம்."

"பெட்டி தெரிவுசெய்தாச்சோ?"

"ஓம். இதுதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கொக்ஸ்வெல் வந்துவிட்டது. பாடமாக்கி வைத்திருந்த ஒரு வசனத்தையும் நான் சொல்லவில்லை. அன்று பின்னேரம் அவள் சம்மதம் என்று தொலைபேசி வந்தது. பெரியம்மா அதைத் தன் கெட்டித்தனம் என்று ஊர் முழுக்கச் சொன்னார்.

போன கிழமை நானும் அவளும் யங் சுரங்க ரயில்பாதையில் போனோம். அங்கே ஓடுகிற புதிய ரயிலில் பெட்டிகளுக்கு நடுவே கதவே இல்லை. ஒரு முனையில் ஏறி மறுமுனைவரை உள்ளாலேயே நடக்கலாம். நான் எழும்பி நின்று ஆசை தீரப் பார்த்தேன்.

"இப்பிடி ஒண்டு அப்பவே இருந்திருந்தால்," என்றேன், "நான் விழுந்தெழும்பியிருக்கத் தேவையில்லை."

அவள் கைப்பையை மூடிக்கொண்டு சொன்னாள்:

"ஓம். நீங்களும் ஆறுதலா நடந்து வந்திருப்பியள். நானும் யோசிச்சுச் சொல்லுறன் எண்டிருப்பன்."