முத்திரைக்காரரின் ஒரு குவளை

அந்த வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் முத்திரைக்காரர் உட்காருவார். இன்னொன்றில் அவருடைய செய்தித்தாள் உட்காரும். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் ரயிலில் ஒரு நாள் பயண தூரத்தில் குடும்பம் நடத்துகிறாள். பேச்சுத் துணைக்கு மிஞ்சியது சுவர்க் கடிகாரம். அதுவும் மணிக்கு ஒரு தடவைதான் வாயைத் திறக்கும்.

எடையளவுத் துறையில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவர். கடை கடையாகப் போய் தராசையும் எண்ணெய்க் குவளையையும் சோதிப்பார். சரியாக இருந்தால் விளிம்பில் முத்திரை அடிப்பார். பொய்யளவு என்றால் இருக்கிற முத்திரையையும் அரத்தால் குறுக்கே கீறி அழித்துவிடுவார். அவர் தெருமுனையில் திரும்பினாலே தராசுத் தட்டுகள் பயந்துபோய்த் தாமாக நேராகிவிடும் என்று சொல்வார்கள். ஒரு முறை தட்டில் ஈ உட்கார்ந்திருந்ததாம். அது பறந்து போகும்வரை பேனாவைத் திறக்காமல் நின்றாராம். இதுவரை நம்பலாம். அந்த ஈ மறுநாள் அலுவலகத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டது என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

இப்பேர்ப்பட்டவரைப் பார்த்து, பெற்ற மகளே ‘பொய்’ என்று சொல்லிவிட்டாள். பதினைந்து மாதமாக அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது அதுதான்.

“அப்பா, தனியா கிடந்தது போதும், இங்க வந்துடுங்க. ஆனா எவ்வளவு குடிக்கறீங்கன்னு உண்மையைச் சொல்லிட்டு வாங்க.”

“சனிக்கிழமை ஒரு குவளை. ஒண்ணே ஒண்ணு.”

“பொய்.”

“பொய்யளவு பிடிச்சே தலை நரைச்சவன்கிட்ட இந்தப் பேச்சா?” என்று போனை வைத்தார். அதோடு பயணப் பேச்சு நின்றது. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அழைத்துக்கொண்டிருந்தவள் ஞாயிறு காலைக்கு மாறினாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி, வைக்கட்டுமா. அவ்வளவுதான் பேச்சு. சனிக்கிழமை அவளுக்கு வேலை அதிகம்போல என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதற்கும் மனதுக்குள் ஒரு முத்திரை அடித்துவைத்தார்.

குவளை விஷயத்தில் அவர் சொன்னது சத்தியமான உண்மை. ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் கொடுத்த எவர்சில்வர் குவளை அது. விளையாட்டுக்காக அதன் விளிம்பிலும் அலுவலக முத்திரையைப் பதித்துக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் குவளையை எடுப்பார். உள்ளே கைப்பிடியின் ஆணி தெரிகிற மட்டத்துக்குச் சரக்கு. அதற்கு மேல் விளிம்புவரை தண்ணீர். ஏழு மணிக்குள் குவளை காலியாகிவிடும். ஆணிக்கு மேலே ஒரு சொட்டு ஏறினால் திரும்பப் பாட்டிலில் ஊற்றிவிடுவார். மற்ற ஆறு நாளும் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸம்மா, கையில் கேள்வித்தாள் கட்டு. வீடு வீடாகக் குடிப்பழக்கத்தைக் கணக்கெடுக்கிறார்களாம். மனுஷக் குரல் கேட்ட சந்தோஷத்தில் முத்திரைக்காரர் செய்தித்தாளை நாற்காலியைவிட்டு எழுப்பி, அவரை உட்காரவைத்து, டீயும் போட்டுக் கொடுத்தார்.

“வாரத்துல எத்தனை நாள் குடிப்பீங்க சார்?”

“ஒரு நாள்.”

“அன்னைக்கு எத்தனை?”

“ஒண்ணு. நல்லா அழுத்தி எழுதிக்கம்மா. இந்தத் தெருவுல இப்படி ஒரு ஆளு உனக்குக் கிடைக்கமாட்டான்.”

“சரிங்க சார். ஒண்ணுன்னா, எவ்வளவு?”

முத்திரைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வாழ்நாளெல்லாம் கடைக்காரர்களிடம் அவர் கேட்ட கேள்வி. அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

நர்ஸம்மா விளக்கினார். “பிராந்தி, விஸ்கி மாதிரி சரக்குல ஒரு அளவுன்னா நாப்பத்துநாலு மில்லி. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆம்பளைங்களுக்கு அஞ்சு அளவு, பொம்பளைங்களுக்கு நாலு. அதைத் தொட்டாலே மிதமிஞ்சின குடின்னு எழுதுவோம்.”

“அதெல்லாம் தினமும் குடிச்சு ரோட்டுல உருள்றவங்களுக்கும்மா. நான் ஒரு நாளாவது தள்ளாடினதில்லை.”

“தள்ளாடறது ஆளுக்கு ஆள் மாறும் சார். மில்லி மாறாது. வாரத்துல ஒரு நாள்தான்னாலும் அந்த ஒரு நாள்ல எவ்வளவுன்னுதான் கேள்வி.”

இதே நியாயத்தைச் சொல்லித்தானே ஊரையே மடக்கியிருந்தார். எழுந்து போய்க் குவளையை எடுத்துவந்து, ஆணிமட்டம்வரை தண்ணீர் பிடித்தார். நர்ஸம்மா பையிலிருந்த அளவுக் குழாயை மேசையில் வைத்து, தண்ணீரை அதில் ஊற்றி, நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

“இருநூத்துநாப்பது.”

“நின்னுட்டுப் பாத்தா தப்பா காட்டும். குனிஞ்சு, கண்ணு மட்டத்துக்கு வெச்சுப் பாரும்மா. குவளையை இன்னும் கொஞ்ச நேரம் கவுத்துப் பிடி, ஒட்டியிருக்கற சொட்டும் இறங்கட்டும்.” சொல்லிவிட்டு அவரே குனிந்து பார்த்தார். “இருநூத்துநாப்பத்தாறு.”

நாற்பத்துநாலால் வகுத்தார். ஐந்தரைக்கும் கொஞ்சம் மேலே. நர்ஸம்மாவின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

“ஏம்மா நிக்கற? எழுது. குவளையில முத்திரை இருக்கேன்னு நானும் நம்பிட்டேன். அளந்துட்டுதானே முத்திரை அடிக்கணும்? இது அளக்காம அடிச்சது.”

நர்ஸம்மா போன பிறகு கடிகாரம் இரண்டு முறை வாயைத் திறந்தது. பிறகுதான் முத்திரைக்காரர் போனை எடுத்தார்.

“என்னப்பா, செவ்வாய்க்கிழமை கூப்பிடறீங்க? உடம்புக்கு என்ன?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. அஞ்சரை.”

“என்ன அஞ்சரை?”

“நான் சொன்ன ஒரு குவளை. அளந்து பாத்தேன். அஞ்சரை பேர் குடிக்கறதை ஒருத்தனே குடிச்சிருக்கேன். நீ சொன்னதுதான் சரி பாப்பா.”

மறுமுனையில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“சனிக்கிழமை போன்ல என்ன பேசுவீங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?”

“நல்லாத்தானே பேசுவேன்?”

“நல்லாத்தான் பேசுவீங்க. வார்த்தைகூடக் குழறாது. கடைசில, ‘போனை அம்மாகிட்ட குடு, அவ உன் வீட்டுக்குத்தான் வந்திருக்கா’ம்பீங்க. அம்மா இல்லப்பான்னு நான் சொல்லணும். நீங்க அழுவீங்க. அடுத்த சனிக்கிழமை முதல்ல இருந்து அதே கதை. எத்தனை தடவைதான்பா நான் அந்தச் சேதியைச் சொல்லுவேன்? அதான் ஞாயித்துக்கிழமைக்கு மாத்தினேன்.”

அவருக்கு அதில் ஒரு சொல்கூட நினைவில்லை. எதிர் நாற்காலியைப் பார்த்தார். நர்ஸம்மாவுக்காக எழுப்பிய செய்தித்தாள் இன்னும் தரையில் கிடந்தது.

“இந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்குக் கூப்பிடு” என்றார். “ஒரே ஒரு தடவை.”

“பாக்கலாம்பா” என்றாள்.

பரணிலிருந்து பழைய தோல் பையை இறக்கினார். அரத்தில் துரு ஏறியிருந்தது. குவளையை மடியில் கவிழ்த்துப் பிடித்து, விளிம்பிலிருந்த முத்திரையின் குறுக்கே கீறினார். கடைக்காரர்களுக்கு ஒரே கீறல்தான் போடுவார். தனக்கு மூன்று போட்டார்.

சனிக்கிழமை ஐந்திலிருந்து ஏழுவரை நீண்டதுபோல எந்த இரண்டு மணி நேரமும் நீண்டதில்லை. கடிகார முட்களை யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருந்தார்கள். மூன்று முறை எழுந்து தண்ணீர் குடித்தார். நாலாவது முறை குவளையைக் கையில் எடுத்து, கீறலைத் தடவிப் பார்த்துத் திரும்ப வைத்தார்.

ஏழு அடித்தது. ஒன்றுமில்லை. ஏழு பத்துக்குப் போன் மணி ஒலித்தது.

குழாய் ஒழுகுவதை, சம்பந்தியின் முழங்கால் வலியை, மாடிவீட்டுக்காரியோடு போட்ட சண்டையை எல்லாம் சொன்னாள். கடைசியில் சற்றுத் தயங்கி, “அப்பா, வேற யார்கிட்டயாவது போனைக் குடுக்கணுமா?” என்றாள்.

முத்திரைக்காரர் மூச்சை இழுத்துவிட்டார். “குடுக்கணும்னு ஆசைதான் பாப்பா. அவ இல்லையே.”

இந்தத் தடவை அழுதது மகள். வரச் சொல்லவில்லை, அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை விழித்ததும் அவர் படுக்கையில் கிடந்தபடியே நேற்றைய பேச்செல்லாம் நினைவிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தார். குழாய், முழங்கால், மாடிவீட்டுக்காரி. பிறகு அந்தக் கேள்வி, தான் சொன்ன பதில், அவள் மூக்கை உறிஞ்சியது. ஒரு சொட்டுக்கூட எங்கேயும் சிந்தவில்லை. எழுந்து டீ போட்டார். எதிர் நாற்காலியில் செய்தித்தாளை வைக்கவில்லை.