கடைசி ஆளின் கொக்கி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால், "எத்தனை மணிக்கு? கூட இருந்தது ஆர்?" என்று கேட்டு அங்கேயே முடித்துவைக்கிற ஆள் நான். இதையும் நேரம் குறித்தே சொல்கிறேன், நம்புவது உங்கள் விருப்பம்.

நிலாவெளி ஹோட்டலில் தங்கியிருந்த ஓர் அமெரிக்கர், நான் உலகப் போர்க்கால விபரங்கள் சேர்ப்பவன் என்று கேள்விப்பட்டு, ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்கு வந்து, காலமான தன் தகப்பனாரின் குறிப்பேட்டைப் பிரதி எடுத்துத் தந்துவிட்டு நாடு திரும்பினார். 1944 ஜூனில் நோர்மண்டியில் பரசூட்டில் குதித்த ஓர் இராணுவக் கம்பனியைச் சேர்ந்தவர் அந்தத் தகப்பனார். விமானத்துக்குள் ஓடும் கம்பியில் கொக்கியை மாட்டினால்தான் குதிக்கும்போது பரசூட் இழுபட்டு விரியும். குதிக்குமுன் ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் நிற்பவரின் கொக்கியையும் பொதியையும் சரிபார்த்து இடது தோளில் தட்டவேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் எவருமில்லை, ஆகவே அவருக்கு முன் நிற்பவர்தான் திரும்பிப் பார்க்கவேண்டும். அன்று திரும்பவேண்டியவர் அந்தத் தகப்பனார். திரும்பவில்லை. கடைசி ஆளின் கொக்கி கம்பியில் மாட்டப்படாமலே இருந்தது, பரசூட் விரியவில்லை. பிறகு அந்தக் கம்பனி பனிக்காட்டில் குழி வெட்டிக் கிடந்ததை எழுதினாலும், சப்பாத்துக்குள் கால் விறைத்ததை எழுதினாலும், பக்கத்தின் அடியில் அதே வரி: "நான் திரும்பிப் பார்க்கவில்லை."

அதைத் தமிழாக்கி முடித்த மறுநாள் ஞாயிறு. காலை ஏழு இருபதுக்கு, குறிஞ்சாக்கேணி நண்பர் நாசரின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனேன். நான் முன்னால் கடலைப் பார்த்தபடி, அவர் பன்னிரண்டு அடி பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி. காற்றே இல்லை, தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது, பறவை ஒன்றுகூட இல்லை.

ஏழு ஐம்பதுக்கு என் தோளில் ஒரு கை தட்டியது. விரல்கள் தெரிகிற தட்டு. திரும்பினேன். நடுவில் வெறும் பலகை, அதற்கப்பால் நாசர், இருந்த இடத்திலேயே. அவருடைய உயிர்காப்பு அங்கியின் மூன்று பட்டிகளும் பூட்டாமல் தொங்கின. எங்கள் பக்கம் அது வழக்கம்தான்: கரையில் சோதிப்பவரின் கண்ணுக்காக மாட்டுவது.

"நாசர், பட்டியைப் பூட்டுங்கோ."

"என்ன சேர், பிளேனிலயா போறம்? சோதிக்கிறவர் பார்த்திட்டார், இனி மீன்தான் பார்க்கோணும்."

"பூட்டுங்கோ எண்டு சொல்றன்!"

"பூட்டினா என்ட வயிறு எங்க போறது?"

எழுந்து போய் மூன்றையும் நானே இறுக்கிப் பூட்டினேன், அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகியிராது, தண்ணீருக்குள் கிடந்த ஏதோ கயிறு எஞ்சினில் சிக்கியது. வள்ளம் சரிந்தது, நாசர் விளிம்பில் தலை அடிபட்டுக் கடலில் விழுந்தார். நினைவில்லை. ஆனால் முகம் மேலே தெரிய மிதந்தார். எனக்கு நீந்த ஏலாது, வள்ளத்தில் குப்புறப் படுத்து அந்தப் பட்டியைப் பிடித்துத்தான் இழுத்தேன்.

பிறகு வந்த வள்ளமொன்று எங்களைக் கரைசேர்த்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாசர், "சேர், உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"ஆரோ தோளில தட்டினது."

"நம்ம ரெண்டு பேரும்தானே சேர் போன?" என்றவர், அதன் பிறகு சிரிக்கவில்லை.

நடந்ததை நேரங்களோடு அமெரிக்கருக்கு மின்னஞ்சலில் எழுதினேன். மறுநாள் ஒரே கேள்வி வந்தது: "எந்தத் தோள்?"

"இடது" என்று எழுதினேன்.

ஐந்து மாதமாகிறது. இரண்டு தரம் மறுபடி எழுதியும் பதில் இல்லை. கதிரையின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டுத்தான் இப்போது நான் எழுத உட்காருகிறேன்.